மாலினிக்கு ரணவீர் என்ன முறை?

எங்கள் பிளாக்கில் சனிக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணிக்கு யாராவது செத்துப்போனால்கூட ஆறு மணிக்குத்தான் அழ வருவோம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார். அது அபாண்டம். நடுவில் விளம்பரம் போடும்போது எட்டிப் பார்த்துவிட்டு வருவோம்.

அப்போது தொண்ணூற்றேழாம் வருஷம். ஆவடியில் ஃபேக்டரி குவார்ட்டர்ஸ், இரண்டாம் மாடி. அந்த மாடியில் கேபிள் இழுத்தவள் நான் ஒருத்திதான் என்பதால் ‘பவழ மாளிகை’ தொடர் பார்க்கிற கூட்டம் என் வீட்டில் கூடும். என் பெயர் சாமுண்டீஸ்வரி. எனக்கு வாய் நீளம் என்று நாலு பேர் சொல்வார்கள். அந்த நாலு பேரும் சனிக்கிழமையானால் என் வீட்டுப் பாயில்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

‘பவழ மாளிகை’ இந்தியில் எடுத்துத் தமிழில் பேசவைத்த தொடர். வாய் மூடிய பிறகும் பேச்சு வந்துகொண்டிருக்கும். கதாநாயகன் ரணவீர் ஒரு ரத்தக் காட்டேரி. வயது முந்நூறு, பார்த்தால் இருபத்தெட்டு சொல்லலாம். பகலெல்லாம் பெட்டிக்குள் படுத்திருந்துவிட்டு, இருட்டியதும் கறுப்புப் போர்வையை மாட்டிக்கொண்டு மலைமேல் நின்று பெருமூச்சு விடுவான். மாலினி என்கிற நர்ஸைப் பார்த்த நாளிலிருந்து மனுஷ ரத்தத்தை விட்டுவிட்டு ஆட்டு ரத்தத்துக்கு மாறியிருந்தான்.

“அதுல இன்னாக்கா அதிசயம் கீது? ஞாயித்துக்கெயமன்னா நம்ம ஊட்ல ரத்தப் பொரியல் துன்றோம். நம்மள யாராவது காட்டேரின்றாங்களா?” என்பாள் ராணி. வியாசர்பாடியில் பிறந்து, எங்கள் கீழ்வீட்டுக்கு மருமகளாக வந்தவள்.

பயம் என்று நாங்கள் ஒருநாளும் பயந்ததில்லை. எங்கள் கவலையெல்லாம் யாருக்கு யார் என்ன முறை என்பதுதான். அந்த இலாகா தாயம்மாள் அக்காவுடையது. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எந்தக் கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தாலும், மாப்பிள்ளை பெண்ணுக்கு மாமன் மகனா, அத்தை மகனா, சுற்றி வளைத்தால் சித்தப்பாவா என்று இரண்டே நிமிஷத்தில் சொல்லிவிடுவார். ரணவீர் விஷயத்தில் மட்டும் மூன்று மாதமாகத் திணறிக்கொண்டிருந்தார்.

“முந்நூறு வருஷமா ஊர் ஊராப் போய் ரத்தம் குடிச்சிருக்கான். எந்தக் குடும்பத்துல எல்லாம் வாய் வெச்சானோ! மாலினிக்குப் பூட்டன் ரத்தம் ஒரு சொட்டு அவன் உடம்புல இருந்தாலும் பங்காளி ஆயிட்டாம்லா?”

“அப்டி பாத்தா ஊரு பூரா அவனுக்குப் பங்காளிதான்” என்றாள் ராணி. “எவன் பொண்ணு குடுப்பான்? காலம்பூரா பொட்டிக்குள்ள ஒண்டியாவே படுத்துக்கினு கெடக்க வேண்டியதுதான்.”

இந்த மாதிரிப் பேச்சு நாகவல்லிக்குப் பொறுக்காது. எனக்கு எதிர் வீடு. அவளுடைய அஞ்சறைப்பெட்டி இருக்கிற அலமாரிக் கதவின் உட்பக்கம், பத்திரிகையிலிருந்து வெட்டிய ரணவீர் படம் ஒட்டியிருந்தது. கடுகு எடுக்கும்போதெல்லாம் தரிசனம். “குடிச்சதெல்லாம் எப்பவோ செரிச்சுப் போச்சு. அந்தப் புள்ள திருந்தி வாழுது. திருந்தினவனக் கிண்டாதீங்க” என்று சண்டைக்கு வருவாள்.

இப்போது நாகவல்லியின் மகள் கஸ்தூரியைப் பற்றிச் சொல்ல வேண்டும். கதை அவளுடையதுதான்.

கஸ்தூரி அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் காயில் சுற்றுகிற ஒரு சின்ன கம்பெனியில் வேலை பார்த்தாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் பஸ் பிடிக்க ரோட்டைத் தாண்டும்போது லாரி இடித்துவிட்டது. கால் முறிந்து ஏகப்பட்ட ரத்தம் போய்விட்டது. அவளுடையது லேசில் கிடைக்காத வகை ரத்தம். அவள் அப்பா சண்முகசுந்தரம் எங்கள் ஃபேக்டரியில் ஃபிட்டர். விஷயம் ஷிஃப்டில் பரவியதும், டர்னர் கோவிந்தராஜ் என்கிற பூந்தமல்லிப் பையன், “என்து அந்த ரத்தம்தான்” என்று காக்கி உடுப்போடு சைக்கிளை மிதித்து ஆஸ்பத்திரிக்கு வந்து கையை நீட்டினான். பெண் பிழைத்தது.

நாகவல்லி ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே, நாங்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “இன்னையிலேர்ந்து நீதான் எனக்கு மூத்த புள்ள. கஸ்தூரிக்கு அண்ணன். அந்த மாரியம்மன் மேல ஆணை” என்று அழுதாள். நாங்களும் அழுதோம். எனக்கு அந்த நேரத்தில்கூட, இவள் ஏன் இப்படி அவசரப்படுகிறாள் என்று ஒரு நினைப்பு ஓடியது. பையன் பார்க்க லட்சணமாக இருந்தான்.

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவனுக்கு அங்கேதான் சாப்பாடு. இரண்டு குடும்பமும் ஒரே சாதி ஆட்கள்தான். அதை நாகவல்லி முதல் ஞாயிற்றுக்கிழமை, குழம்பை ஊற்றிக்கொண்டே விசாரித்துவிட்டாள். பெற்ற பிள்ளை மாதிரி அவனைச் சமையலறையிலேயே உட்காரவைத்து, தட்டில்தான் போடுவாள். சாப்பிட்டதும் அவனே எழுந்து போய்த் தட்டைக் கழுவி வைப்பான். கழுவுகிற இடத்தில் கஸ்தூரி நிற்பாள். இரண்டு வருஷம், வாரம் தவறாமல் நின்றாள். தன் உடம்பில் ஓடுவது யார் ரத்தம் என்று தெரிந்த இருபத்திரண்டு வயசுப் பெண் வேறு எங்கே போய் நிற்பாள்?

ஒரு வியாழக்கிழமை மொட்டை மாடியில் துணி காயப்போடும்போது என்னிடம் வந்து அழுதாள்.

“அத்தே, இந்த ஞாயித்துக்கிழமை விழுப்புரத்துலேர்ந்து என்னப் பொண்ணு பாக்க வராங்க. புடிச்சிருந்தா அப்பவே தாம்பூலம் மாத்திடுவாங்களாம். அவங்கள ஸ்டேஷன்ல போய்க் கூட்டிட்டு வரப்போறது யாரு தெரியுமா? அவருதான். ‘அண்ணன்தான போகணும்’னு அம்மா சொல்லிட்டாங்க.”

“நீ உங்கம்மா கிட்ட சொன்னியா?”

“‘அவரு எனக்கு அண்ணன் இல்லம்மா’ன்னு ஒரே ஒரு தடவ சொன்னேன். அறைஞ்சிட்டாங்க. அப்புறம் அவங்களே உக்காந்து அழுதாங்க. ‘அம்மன் மேல ஆணையிட்டேன்டி, இனிமே அப்படி நெனச்சாலே பாவம்டி’ன்னு. அவரக் கேட்டா, ‘உங்கம்மா கையால துன்ன சோறு கீது, நான் எப்டி வாயத் தெறப்பேன்’ன்றாரு.”

“நான் வேணா பேசிப் பாக்கட்டுமா?”

“ஐயோ, வேணாம் அத்தே” என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே. “நீங்க பேசினா அம்மா நாளைக்கே கல்யாணம் வெச்சிடுவாங்க.”

கோபம் வந்தது. ஆனால் உண்மையைச் சொல்கிறவளை என்ன செய்ய முடியும்? அவளுக்கு இருந்தது வெள்ளி, சனி, அவ்வளவுதான்.

சனிக்கிழமை வந்தது. ஐந்தரைக்கு எல்லாரும் கூடிவிட்டோம். அன்றைக்கு மாலினி மலையிலிருந்து உருண்டு விழுந்துவிட்டாள். பேச்சு மூச்சில்லை. ரணவீர் வந்து பார்த்தான். தன் மணிக்கட்டைத் தானே கடித்து, வழிகிற ரத்தத்தை அவள் வாயில் ஊற்றினான். மாலினி கண் விழித்தாள். ராணி கை தட்டினாள். அடுத்த காட்சியில் மாலினியின் அம்மா, பட்டுப்புடவையோடு மாடிப்படியில் இறங்கி வந்து ஒரு வசனம் பேசினாள் பாருங்கள்:

“உனக்குத் தன் ரத்தத்தைக் கொடுத்தவன் உன் சகோதரன், மாலினி! இன்று முதல் ரணவீர் உன் அண்ணன். உன் கணவன் டாக்டர் ஆனந்த்தான்!”

விளம்பரம் போட்டுவிட்டார்கள்.

“நான் சொன்னம்லா?” என்று தாயம்மாள் அக்கா தொடையில் தட்டினார். “ரத்தம் ஒண்ணு ஆயிட்டா அண்ணன் தங்கச்சிதான். முறைன்னா முறைதான்.”

நாகவல்லி எழுந்து நின்றுவிட்டாள். டிவியில் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சோப்புக்காரியைப் பார்த்துத்தான் கத்தினாள்.

“இவ எல்லாம் ஒரு தாயா? பெத்த பொண்ணு மனசுல என்ன இருக்குன்னு பாக்க வேணாமா? ஆபத்துக்குக் குடுத்த ரத்தம் எப்படிக்கா உறவாகும்? இந்த பிளாக் முழுக்க பால்கார துலுக்கானத்தோட ஒரே மாட்டுப் பாலத்தான் குடிக்கிறோம். அதுக்காக எல்லாரும் அண்ணன் தங்கச்சியா? என் வீட்டுக்காரரும் அதே பாலத்தான் குடிக்கிறாரு, அவரு எனக்கு அண்ணனா?”

தாயம்மாள் அக்கா தொடையில் தட்டின கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். ராணி என் தொடையை ரகசியமாகக் கிள்ளினாள். நான் கஸ்தூரியைப் பார்த்தேன். மூலையில் வேர்க்கடலை உரித்துக்கொண்டிருந்தவள் கை அப்படியே நின்றுவிட்டது. எங்கள் எல்லாருக்கும் புரிந்தது, நாகவல்லிக்குத் தவிர. தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சும்மாவா சொன்னார்கள்?

வாய் நீளம் என்று பெயர் வாங்கியாகிவிட்டது, அதற்கு ஒரு உபயோகம் வேண்டாமா?

“இங்க நின்னு கத்தி என்ன பிரயோஜனம் நாகவல்லி? டிவிக்காரனுக்கு ஒரு கார்டு போடு” என்றேன்.

அந்த டிவியில் வாராவாரம் தொடர் ஆரம்பிக்கும் முன் நேயர் கடிதம் படிப்பார்கள். போன மாதம் வேலப்பன்சாவடியிலிருந்து யாரோ ஒருத்தி எழுதினதைப் படித்துவிட்டார்கள் என்று எங்களுக்குப் பொறாமை வேறு.

“போடத்தான் போறேன்” என்றாள் நாகவல்லி. “கஸ்தூரி, எடுடி பேனாவ. உனக்குத்தான் எழுத்து மணி மணியா வரும்.”

என் வீட்டு அலமாரியிலிருந்து ஒரு தபால் கார்டு எடுத்துக் கொடுத்தேன். நாகவல்லி கூடத்தில் நடந்துகொண்டே சொன்னாள். கஸ்தூரி தலையைக் குனிந்துகொண்டு எழுதினாள். சொல்லச் சொல்ல நாகவல்லிக்கு வேகம் ஏறியது. தொடர் மறுபடி ஆரம்பித்தும் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. விலாசத்தையும் எழுதி முடித்ததும் நாகவல்லி கார்டை வாங்கி, கண்ணாடி வீட்டில் இருந்ததால் தூரத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்னிடம் நீட்டினாள்.

“நீ சத்தமா படி சாமுண்டி. ஏதாவது விட்டிருக்காளான்னு பாப்போம்.”

வாங்கி ஒரு பார்வை பார்த்தேன். என் வாய் ஒட்டிக்கொண்டது. எனக்கு அது சாதாரணமாக நடக்காது. மாற்றிப் படித்துவிட்டுக் கார்டைக் கிழித்துப் போட்டுவிடலாமா என்று யோசித்தேன். கஸ்தூரி தலையை நிமிர்த்தி என்னையே பார்த்தாள்.

“இருக்கிறபடி படிங்க அத்தே” என்றாள்.

படித்தேன்.

“ஐயா, வணக்கம். ஆபத்துக்கு ரத்தம் கொடுத்தவன் அண்ணன் ஆகமாட்டான். உயிரைக் கொடுத்தவனைவிட நல்ல மாப்பிள்ளை எந்த ஊரிலும் கிடைக்கமாட்டான். வாயால் சொன்ன முறை பெரிதா, பெண்ணின் மனசு பெரிதா? ஆகையால் கஸ்தூரியை கோவிந்தராஜுக்கே கட்டிவைக்க வேண்டும். பிரித்தால் இரண்டாம் மாடியில் ஒருத்தரும் இனிமேல் பார்க்கமாட்டோம். இப்படிக்கு, நாகவல்லி சண்முகசுந்தரம், ஆவடி.”

டிவியில் யாரோ சிரித்தார்கள். ராணி போய் அதன் சத்தத்தைக் குறைத்தாள்.

“என்ன பேரு படிச்ச?” என்றாள் நாகவல்லி.

“எழுதியிருக்கிற பேரத்தான் படிச்சேன்.”

நாகவல்லி மகளிடம் போனாள். கை ஓங்கிவிட்டது. கஸ்தூரி நகரவில்லை.

“நீ சொன்னதுதாம்மா எழுதினேன். ஒரு வரிகூட நானாச் சேக்கல. பேர மட்டும்தான் மாத்தினேன்.” அவள் குரல் உடைந்தது. “அந்த மாலினிக்காக இவ்வளவு கத்தினியே. எனக்காக ஒரு வாட்டி கத்த மாட்டியா?”

ஓங்கின கை எங்கே போவது என்று தெரியாமல் நின்றது. நாகவல்லி பாயில் தொப்பென்று உட்கார்ந்தாள். “அம்மன் மேல ஆணையிட்டேனே. அவளுக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்?”

பதில் சொன்னது தாயம்மாள் அக்காதான். அத்தனை நேரம் எதிர்க்கட்சியில் இருந்த அதே தாயம்மாள் அக்கா.

“அம்மன் என்ன, முறை பாக்கவா உக்காந்திருக்கா? அதுக்குத்தான் நான் இருக்கேன்லா? பொண்ணு பொழச்ச சந்தோஷத்துல வாய் தவறிச் சொன்ன. ஆடிக்குக் கூழ் ஊத்து, மன்னிச்சிருவா. மாட்டுப் பாலுன்னு நீ சொன்னியே, அப்பவே நான் தோத்துட்டேன். காட்டேரிக்கு ஒரு நியாயம், பெத்த மகளுக்கு ஒரு நியாயமா?”

நாகவல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என் கையிலிருந்த கார்டைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து போனாள். கஸ்தூரி பின்னாலேயே போனாள். எதிர் வீட்டுக் கதவு சாத்திக்கொண்டது. அன்றைக்குத் தொடரில் அப்புறம் என்ன ஆயிற்று என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் பால் வாங்கும்போது பார்த்தேன், நாகவல்லி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பத்து மணிக்குச் சண்முகசுந்தரம் டெலிபோன் பூத் பக்கமிருந்து வந்தார். “என்ன அண்ணே, காலையிலேயே?” என்றேன். “ஒண்ணுமில்லம்மா” என்றார். அந்த மனுஷன் வருஷத்துக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கெடுத்துவிட்டேனோ, அந்தப் பெண் சொன்ன மாதிரி நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்க வேண்டுமோ என்று உள்ளுக்குள் அடித்துக்கொண்டது.

பன்னிரண்டு மணிக்கு நாகவல்லியே வந்து கதவைத் தட்டினாள். “அப்பளம் பொரிக்க ஆளு வேணும். வா” என்றாள். அவ்வளவுதான். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

போனால் வீடு முழுக்க வடையும் பாயசமுமாக மணத்தது. கஸ்தூரி தலை குளித்து, பூ வைத்து, தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். எல்லாம் விழுப்புரத்துக்காரர்களுக்கு என்று நினைத்துக்கொண்டேன். “என்னடி ஆச்சு?” என்று கண்ணால் கேட்டேன். “தெரியல அத்தே, ராத்திரிலேர்ந்து என்கிட்ட பேசல” என்று உதட்டை மட்டும் அசைத்தாள்.

கோவிந்தராஜ் வந்தான். இஸ்திரி போட்ட சட்டை, முகத்தில் மட்டும் இஸ்திரி இல்லை. வழக்கம்போல நேராகச் சமையலறைக்குள் வந்து, தட்டை எடுத்துக்கொண்டு கீழே உட்காரப் போனான்.

“அங்க வேணாம்” என்றாள் நாகவல்லி. “கூடத்துல வந்து உக்காருங்க.”

அவன் திரும்பிப் பின்னால் பார்த்தான், வேறு யாருக்கோ சொல்கிறாள் என்று. கூடத்தில் பாய் போட்டு, எதிரே தலைவாழை இலை விரித்திருந்தது. பயந்துகொண்டே உட்கார்ந்தான். நாகவல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு பரிமாறினாள்.

“வட வெச்சுக்கோங்க. பாயசம் இன்னும் கொஞ்சம் ஊத்தட்டுங்களா?”

அவனுக்குச் சோறு இறங்கவில்லை. என்னைப் பார்த்தான். நான் அப்பளத்தைப் பார்த்தேன்.

“இன்னாம்மா, திடீர்னு ‘நீங்க வாங்க’ன்ற?” என்றான் கடைசியில், குரல் கம்மி. “நான் இன்னா தப்பு பண்ணேன்? இத்தினி நாளா தட்டுலதான போட்ட? இனிமே வராதன்னு சொல்றியா?”

“சாப்புடுங்க முதல்ல.”

முடிந்தவரை விழுங்கிவிட்டு, ஸ்டேஷனுக்கு நேரமாகிறது என்று முணுமுணுத்துக்கொண்டே, இலையை மடித்துக் கையில் எடுத்தான். நாகவல்லி ஓடிப்போய் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள்.

“வெச்சிடுங்க. மாப்பிள்ள எல எடுக்கக் கூடாது.”

சமையலறையில் தேங்காய் மூடி உருண்டு விழுகிற சத்தம் கேட்டது. கோவிந்தராஜ் எச்சில் கையோடு நின்றான். நாகவல்லி சாமி படத்துக்குப் பின்னாலிருந்து அந்தக் கார்டை எடுத்து நீட்டினாள். நாலு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தது. டிவிக்காரன் விலாசத்தை அடித்துவிட்டு, ‘திருமதி முனியம்மா, பூந்தமல்லி’ என்று சண்முகசுந்தரம் கையெழுத்தில் எழுதியிருந்தது. அவன் அம்மா பெயர்.

“இத உங்கம்மா கையில குடுங்க. நல்ல நாள் பாத்து நாங்க நேர்லயும் வந்து கேக்கறோம். விழுப்புரத்துக்குக் காலையிலயே போன் பண்ணிட்டாரு. யாரும் வரல.”

அவன் இடது கையால் வாங்கிப் படித்தான். பாதியில் நெற்றியைச் சுருக்கினான். “‘ரெண்டாம் மாடியில் ஒருத்தரும் இனிமேல் பார்க்கமாட்டோம்’னு போட்டுக்கீதே, இன்னாத்தம்மா பாக்க மாட்டீங்க?”

“அது வேற விஷயம். அத உட்டுட்டு அதுக்கு மேல இருக்கிற வரியப் படிங்க.”

படித்தான். மறுபடி படித்தான். இலைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். கண் கலங்கியதும், எந்தக் கை என்று பார்க்காமல் குழம்புக் கையால் துடைத்துவிட்டு, “ஐயோ, எரியுது” என்று அலறினான். கஸ்தூரி சொம்புத் தண்ணீரோடு ஓடி வந்தாள். அவன் முகத்தைப் பிடித்துக்கொண்டு கண்ணைக் கழுவிவிட்டாள், எங்கள் எல்லாருக்கும் எதிரில். இருவரும் ஒரே நேரத்தில் சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருந்தார்கள். நான் அழவில்லை. அப்பளம் கருகின புகை.

நாகவல்லி மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“தண்ணி ஊத்தினது போதும்டி கஸ்தூரி. சாமுண்டி அத்த கிட்ட இன்னொரு கார்டு வாங்கி எழுது. இந்தத் தடவ பேர ஒழுங்காப் போடு. அந்த மாலினியும் ஒருத்தி பெத்த பொண்ணுதான, பாவம்.”